ஒரு தோளுக்கு இரண்டு காவல்

சுப்பீரியர் ஏரியின் வடகரையில் எல்க் ஹார்பர் என்றொரு ஊர். அங்கே யாரைப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும் 'மோசமில்ல' என்பார்கள். மகனுக்குக் கல்யாணம், மகளுக்கு வேலை, மீன்பிடி போட்டியில் முதல் பரிசு என்று எல்லாம் ஒரே வாரத்தில் வந்தாலும் 'குறை சொல்ல ஒண்ணுமில்ல' என்பார்கள். வீடு எரிந்து சாம்பலாகிவிட்டால் 'இதவிட மோசமா ஆகியிருக்கலாம்' என்பார்கள். இதைத் தாண்டி நாலாவதாக ஒரு பதில் அந்த ஊரில் புழக்கத்தில் இல்லை. தேவையும் பட்டதில்லை, 2026-ஆம் வருஷம் ஆர்டிஸ் ட்வெட்டனுக்குத் தோள் கிழியும்வரை.

ஆர்டிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. ஊரின் ஜன்னல் தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷமாகக் கண்ணாடி ஏற்றும் வேலை. நாற்பது பவுண்டுக் கண்ணாடியைத் தாங்கியிலிருந்து எடுத்து, தோளுயரத்துக்குத் தூக்கி, சட்டத்தில் உட்கார வைக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இருநூறு முறை. அவளுடைய பொறுமையைப் பற்றி ஊரில் வழங்கும் கதைகளில் இரண்டையாவது பதிவு செய்வது என் கடமை. தலைப்பிரசவத்துக்குத் தானே காரோட்டிப் போனவள், மருத்துவமனை வாசலில் இரண்டு கோடுகளுக்கும் சரியாக நடுவில் வண்டி நிற்கிறதா என்று இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனாள். புயலில் வீட்டுக்கூரை பாதி பறந்தபோது காப்பீட்டுக்காரரிடம் போனில், "உள்ள கொஞ்சம் காத்து வருது, அவசரமில்ல" என்றாள். அவர் அவசரப்படவில்லை.

பிப்ரவரியில் ஒரு சவ அடக்கத்தன்றுதான் விபத்து. அடக்கத்துக்குப் பின் சாப்பாட்டுக்காக, இறைச்சிமேல் உருளைக்கிழங்கு அடுக்கிச் சுட்ட, ஹாட்டிஷ் என்கிற அந்த ஊர்ப் பண்டத்தைக் கண்ணாடித் தட்டில் ஏந்திக்கொண்டு சர்ச்சின் வண்டி நிறுத்துமிடத்தைக் கடந்தாள். பனிக்கட்டி வழுக்கியது. விழுகிறவர்கள் தட்டை விட்டுவிட்டுத் தங்களைக் காப்பாற்றிக்கொள்வது உலக வழக்கம். ஆர்டிஸ் தட்டைச் சாயாமல் பிடித்துக்கொண்டு தான் விழுந்தாள். ஹாட்டிஷ் ஒரு துண்டுகூடக் கலையவில்லை. எழுந்து உள்ளே போய், இடது கையால் எழுபது பேருக்குப் பரிமாறி, பாத்திரமும் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் கழித்து, அவள் சுவரில் சாய்ந்து நெளிந்து கோட்டுக்குள் நுழைவதைப் பார்த்த பிறகுதான் கணவன் லோவெலுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

டாக்டர் ஓஸ்ட்பி அந்த ஊர்க்காரர். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தசைநார் இரண்டு இடத்தில் 'லேசா' கிழிந்திருப்பதாகச் சொன்னார். லேசாக என்றால் அந்த ஊர் அளவையில் முக்கால்வாசி. மார்ச் ஒன்பதாம் தேதி அறுவைச் சிகிச்சை நடந்தது. முடிந்ததும் அவர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் குறைத்துச் சொல்லாமல் சொன்னார்:

"ஆர்டிஸ், தைச்ச இடம் நல்லா ஒட்டறதுக்கு முன்னாடி கனம் தூக்காதீங்க. மறுபடி கிழிஞ்சா திரும்பத் தைக்கறதுக்கு அங்க எதுவும் மிஞ்சாது. அப்புறம் அந்தக் கை தொங்கத்தான் செய்யும்."

ஆக, தோள் ஒட்டும்வரை ஆர்டிஸ் கண்ணாடியிடம் போகக் கூடாது. பிரச்சினை அவ்வளவுதான். அந்தத் தோளைக் காப்பதற்கு அந்த வருஷம் ஒன்றுக்கு இரண்டாகக் காவல் இருந்தது.

முதல் காவல், மாநில அரசின் சம்பளத்தோடு கூடிய விடுப்பு. ஜனவரியில்தான் தொடங்கியிருந்தது. இரண்டாவது, தொழிற்சாலை எல்லோருக்கும் எடுத்து வைத்திருந்த தனியார் உடல்முடக்கக் காப்பீடு. அந்தக் கம்பெனியின் பெயர் பைன் அண்ட் லூன். கடிதத்தாள் உச்சியில் ஒரு பைன் மரமும், அதன் கீழே ஏரியில் ஒரு லூன் பறவையும் நிம்மதியாக இருக்கும். இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யும் என்று விளக்க, தொழிற்சாலையின் பணியாளர் பிரிவு அதிகாரி ரோசான் டிசம்பரிலேயே டோனட் வாங்கிவைத்து ஒரு கூட்டம் போட்டிருந்தாள். ரோசான் நியூ ஜெர்சியிலிருந்து வந்தவள். பதினோரு வருஷமாக அந்த ஊரில் இருந்தும் உரக்கப் பேசுகிற, மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிற வியாதி அவளை விடவில்லை. ஊர் அதை மன்னித்திருந்தது.

ரெண்டடுக்கு கேக் மாதிரி என்றாள் ரோசான். கீழ் அடுக்கு மாநிலம் தரும் சம்பளப் பங்கு. அது போதாத இடத்தை நிரப்ப மேல் அடுக்காகப் பைன் அண்ட் லூன். மாநிலம் தருவதைக் கழித்துவிட்டு மிச்சத்தை அவர்கள் தருவார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி டோனட்டை மட்டும் யாரும் முழுதாக எடுக்கவில்லை. பாதியாக வெட்டினார்கள், அதில் பாதியை வெட்டினார்கள், சாயங்காலம் ஒரு விரல்நுனியளவு துண்டு பெட்டியில் காய்ந்து கிடந்தது.

ஆர்டிஸ் செய்த முதல் தவறு இந்த டோனட் வகையைச் சேர்ந்தது. மாநிலத்திடம் அவள் விண்ணப்பிக்கவே இல்லை. அது நிஜமாகவே கஷ்டப்படுகிறவர்களுக்கு உரிய பணம் என்று அவளுக்குத் தோன்றியது. தனக்கு வெறும் தோள்தானே. பைன் அண்ட் லூனுக்கு மட்டும் எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அவளுக்கு உரிய தொகையிலிருந்து மாநிலம் தரும் தொகையைக் கழித்திருந்தார்கள். மிச்சத்தில் ஒரு வாரத்துக்குக் காப்பித்தூள் வாங்கலாம், திடமாகக் குடிக்காத பட்சத்தில்.

கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு ஆர்டிஸ் ரோசானைக் கூப்பிட்டாள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, இதில் ஒரு சின்னப் பிசகு இருக்கலாம் என்றாள்.

"பிசகெல்லாம் இல்ல, ஆர்டிஸ். மாநிலம் உங்களுக்கு எவ்வளவு தரும்னு அவங்களே கணக்குப் போட்டுக் கழிச்சிருவாங்க. நீங்க கேட்டாலும் சரி, கேக்காட்டியும் சரி."

"நான் வாங்காத பணத்தையா கழிச்சாங்க?"

"நீங்க வாங்காத பணத்தத்தான். பத்திரத்துல இருக்கு, முப்பத்தொண்ணாம் பக்கம். மாநிலத்துகிட்ட ஏன் கேக்கல?"

"வேற யாருக்காவது தேவைப்படுமேன்னு..."

 மறுமுனையில் ரோசான், அந்த வேற யாரோ இப்போது பைன் அண்ட் லூன்தான், அவர்கள் இவளுடைய தியாகத்துக்கு நன்றியோடு இருப்பார்கள் என்றாள். எல்க் ஹார்பரில் குத்தல் பேச்சையும் சொன்ன அர்த்தத்திலேயே எடுத்துக்கொள்வார்கள் என்பதால் ஆர்டிஸுக்கு அது கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

மாநிலத்துக்கு விண்ணப்பம் போனது. அவர்கள் டாக்டரின் சான்றைக் கேட்டார்கள், தொழிற்சாலையின் ஒப்புதலைக் கேட்டார்கள். இதற்கிடையில், மாநிலத்தின் முடிவுக் கடிதம் வந்தால்தான் சரியான கணக்குப் போட முடியும் என்று பைன் அண்ட் லூன் அந்தக் காப்பித்தூள் காசையும் நிறுத்தி வைத்தது. மாநிலத்தின் படிவத்திலோ, வேறு எங்கிருந்தாவது பணம் வருகிறதா என்ற கட்டத்தைத் தொழிற்சாலை நிரப்ப வேண்டியிருந்தது. பைன் அண்ட் லூன் தருகிறதா இல்லையா என்று பைன் அண்ட் லூனே சொல்லாமல் ரோசானால் அதை நிரப்ப முடியவில்லை. ஆர்டிஸ் வாழ்நாளில் நூற்றுக்கணக்கான கேக் செய்தவள். கீழ் அடுக்கு வைத்தால்தான் மேல் அடுக்கு, மேல் அடுக்கு வைத்தால்தான் கீழ் அடுக்கு என்ற செய்முறையை அவள் எந்தப் புத்தகத்திலும் பார்த்ததில்லை. அப்படியும் அவள் எரிச்சல்படவில்லை. வழக்கத்தைவிட அழுத்தி மேசையைத் துடைத்தாள், இடது கையால். அந்த மாதம் மேசை மிகச் சுத்தமாக இருந்தது. கடைசியில் ரோசான் அந்தக் கட்டத்தில் கேள்விக்குறி ஒன்றைப் போட்டு அனுப்பிவிட்டாள்.

டாக்டர் ஓஸ்ட்பி சான்றில், எத்தனை நாள் விடுப்பு என்ற கேள்விக்கு எதிரே, 'ஆறு வாரம், அப்புறம் பார்க்கலாம்' என்று எழுதியிருந்தார். அப்புறம் பார்ப்பதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. எனவே மாநிலம் ஆறு வாரத்துக்கு அனுமதி தந்தது, ஏப்ரல் பத்தொன்பது வரைக்கும். மேற்கொண்டு வேண்டுமானால் டாக்டர் புதுச் சான்று தர வேண்டும் என்று கடிதத்தில் தெளிவாகவே சொல்லியிருந்தது.

பைன் அண்ட் லூனிலிருந்து செவ்வாய்தோறும் ஒரு நர்ஸ் கூப்பிட ஆரம்பித்தாள். பெயர் கெல்சி. பனி பார்த்திராத ஏதோ ஒரு தென்மாநிலத்தில் உட்கார்ந்திருந்தாள். தங்கமான பெண். இந்தக் கதையில் நிகழும் சேதத்துக்கு அவளைக் குற்றம் சொல்ல முடியாது. கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதிலைத் தட்டச்சு செய்வதுதான் அவளுக்கு இட்ட வேலை.

"எப்படி இருக்கீங்க, மிஸஸ் ட்வெட்டன்?"

"குறை சொல்ல ஒண்ணுமில்ல. நீங்க எப்படிம்மா இருக்கீங்க?"

கெல்சிக்கு ஜலதோஷம். அடுத்த பதினோரு நிமிஷம் அந்த ஜலதோஷத்தைப் பற்றியே பேசினார்கள். வெந்நீரில் என்ன போட்டு ஆவி பிடிக்க வேண்டும் என்று ஆர்டிஸ் விவரமாகச் சொன்னாள். அடுத்த செவ்வாய் தோள் எப்படி என்ற கேள்விக்கு மோசமில்ல என்றாள். மூன்றாவது செவ்வாய் வீட்டுவேலையெல்லாம் நடக்கிறதா என்ற கேள்விக்கு, ஏதோ ஓடுது என்றாள். ஓடியது உண்மைதான். ஓட்டியவன் லோவெல். அந்த அழைப்பின்போதுகூட அவன் அவளுக்குப் பின்னால் நின்று, மீன்வலை பின்னுகிற கவனத்தோடு அவள் தலையைப் பின்னிக்கொண்டிருந்தான். அவள் கை தலைவரைக்கும் எழும்பாது. அதைக் கெல்சி கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது அந்த ஊரில் பெருமையடித்துக்கொள்வதில் சேரும்.

ஐந்தாவது வாரம் டாக்டர் ஓஸ்ட்பி சோதிக்கக் கூப்பிட்டார். வலி எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்றார். ஆர்டிஸ் இந்தக் கேள்வியை நேர்மையாக யோசித்தாள். பத்து என்பது அவளுடைய மாமா எல்மருடையது. அவர் மரம் அறுக்கும் ரம்பத்தில் காலை விட்டவர். ஒன்பது, எட்டு எல்லாம் புற்றுநோய்க்காரர்களுக்கு. மற்றவர்களுக்கு உரியதையெல்லாம் ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோது தனக்கென்று இரண்டு மிஞ்சியது. இரண்டு என்றாள். டாக்டர் உள்ளூர்க்காரர் என்பதால் மனதுக்குள் அதை இரட்டித்து நாலாக்கிக்கொண்டார். நாலும் மோசமில்லைதானே. 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதினார். புதுச் சான்று எழுதும் எண்ணம் அவருக்கு வரவில்லை. கேட்கும் எண்ணம் அவளுக்கும் வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பைன் அண்ட் லூனிடமிருந்து கடிதம் வந்தது. மரம், பறவை, அவற்றின் கீழே: 'மூன்று தொலைபேசி உரையாடல்களிலும் பயனாளி குறைகள் எதையும் தெரிவிக்கவில்லை. வீட்டு வேலைகள் இயல்பாக நடைபெறுவதாகக் கூறியுள்ளார். ஆகவே அவர் தம் வழக்கமான பணிக்குத் திரும்பத் தகுதியுடையவர் எனக் கருதுகிறோம்.' ஒரு பிரதி தொழிற்சாலைக்கும் போயிருந்தது.

அரை மணியில் ரோசான் கூப்பிட்டாள். அவள் கையில் இரண்டு கடிதங்கள் இருந்தன.

"மாநிலம் ஞாயித்துக்கிழமையோட விடுப்பு முடியுதுங்குது. லூன் நீங்க நல்லாயிட்டீங்கங்குது. ரெண்டையும் வெச்சுக்கிட்டு நான் உங்கள வராதீங்கன்னு சொல்ல முடியாது. திங்கக்கிழமை ஏழு மணிக்கு உங்க பேரு லைன்ல ஏறிருச்சு. இப்ப சொல்லுங்க, தோள் சரியாயிருச்சா இல்லையா?"

"பார்க்கலாம்."

"யார் பார்க்கறது, ஆர்டிஸ்? எங்க ஊர்ல கொசு கடிச்சா வக்கீலக் கூப்பிடுவோம். நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் இங்க யாரோட வேணா சண்டை போடுவேன்."

ஆர்டிஸ் அவளுக்கு நன்றி சொன்னாள். வார இறுதி நல்லபடியாகப் போகட்டும் என்றாள். போனை வைத்துவிட்டு மேசையைத் துடைத்தாள்.

சனிக்கிழமை சாப்பாடு ஆன பிறகு, கழுவிய தட்டு ஒன்றை வலது கையில் எடுத்து அலமாரியின் இரண்டாவது அடுக்கில் வைக்கப் பார்த்தாள். கை மார்புயரத்தில் நின்றுவிட்டது. கொஞ்சம் உந்தினாள். தோளுக்குள் ஏதோ சூடாக இழுத்தது, தட்டு கழுவுதொட்டிக்குள் விழுந்தது. லோவெல் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தான். முப்பத்தைந்து வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவன் பேசிய நீளமான பேச்சுகளில் ஒன்று அப்போது நிகழ்ந்தது.

"கண்ணாடி ஒண்ணு எத்தன கனம்?"

"நாப்பது பவுண்டு."

"அந்தத் தட்டு?"

ஆர்டிஸ் கழுவுதொட்டியிலிருந்து தட்டை இடது கையால் எடுத்தாள். செய்தித்தாள் மறுபடி உயர்ந்தது.

திங்கட்கிழமை காலை அவள் கிளம்பினாள். அதைச் சொல்ல எனக்கே எரிச்சலாக இருக்கிறது, ஆனால் கிளம்பினாள். லோவெல் தலை பின்னிவிட்டான், பூட்ஸ் கயிறு கட்டிவிட்டான், மதியச் சாப்பாட்டுப் பெட்டியை இடது கையில் கொடுத்தான். வாசல் வரைக்கும் போய் நின்றாள். இருநூறு கண்ணாடிகள் வரிசையாகத் தாங்கியில் நிற்பது அவளுக்குத் தெரிந்தது. முதலாவதைத் தூக்க முடியாமல் போனால் பரவாயில்லை. தூக்க முடிந்துவிட்டால்தான் ஆபத்து. மூன்றாவதோ, முப்பதாவதோ, எதிலோ ஒன்றில் அந்தத் தையல் விட்டுப்போகும். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது, எந்தப் படிவமும் கேட்காமலே. உள்ளே திரும்பி வந்து, கோட்டோடு நின்றபடி ரோசானைக் கூப்பிட்டாள்.

"நான் இன்னிக்கு வரல."

"ஏன்?"

ஆர்டிஸ் காலால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"வலிக்குது."

"ரொம்பவா?"

"ஆமா. ரொம்ப."

ரோசானுக்கு அந்தச் சொல்லின் எடை தெரியாது. அவள் பிறந்த ஊரில் அதை ஒருவர் காலைச் சிற்றுண்டிக்கு முன்பே நாலு தடவை சொல்லிவிடுவார். ஏழு மணிக் கூட்டத்தில் ஆள் மாற்றிப் போட வேண்டியிருந்ததால், ஆர்டிஸ் வரவில்லை, தோள் ரொம்ப வலிக்கிறதாம், அவளே சொன்னாள் என்று அறிவித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனாள். நிமிர்ந்து பார்த்தபோது நாற்பது பேர் அசையாமல் நின்றார்கள். கண்ணாடி வெட்டுகிறவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்திருந்தார். ஓர் அம்மாள், ஆர்டிஸ் அதே வார்த்தையைத்தான் சொன்னாளா என்று மெல்லக் கேட்டாள்.

பத்து மணிக்குள் ட்வெட்டன் வீட்டு வாசலில் மூன்று ஹாட்டிஷ் வந்துவிட்டன. பத்தரைக்கு சர்ச்சின் போதகர் அம்மாள் வந்தார். ஆர்டிஸின் இடது கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு வானிலையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். போகிறபோது, அவளுக்குப் பிடித்த துதிப்பாடல்கள் எவை, சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான் என்று லோவெலிடம் தனியாக விசாரித்தார். பதினோரு மணிக்கு டாக்டர் ஓஸ்ட்பியே போன் செய்தார். பெட்ரோல் பங்கில் காப்பி வாங்கும்போது அவருக்குச் செய்தி எட்டியிருந்தது.

"ஆர்டிஸ், நீங்க வலிக்குதுன்னு சொன்னதா கேள்விப்பட்டேன்."

"சொல்லிட்டேன், டாக்டர். வாய் தவறி."

"உடனே வாங்க. இல்ல, வேணாம். நானே வரேன்."

இந்த முறை அவர் எண்ணைக் கேட்கவில்லை. கோணம் அளக்கிற கருவியைத் தோளில் வைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். ஐம்பத்திரண்டு டிகிரியில் நின்றது. தொண்ணூறாவது வராமல் ஒரு டம்ளர்கூட அலமாரிக்குப் போகக் கூடாது என்றார். சமையலறை மேசையிலேயே உட்கார்ந்து மாநிலத்துக்குப் புதுச் சான்று எழுதினார், டிகிரியும் தேதியும் போட்டு, மே முப்பத்தொன்று வரைக்கும். 'அப்புறம் பார்க்கலாம்' இல்லை. வியாழக்கிழமை மாநிலத்தின் அனுமதி வந்தது, ஏப்ரல் இருபதிலிருந்தே. கட்டத்துக்குள் எண் இருந்தால் மாநிலம் அதைப் படிக்கும் போலிருக்கிறது.

பைன் அண்ட் லூனிடம் மேல்முறையீடு செய்ய வேண்டியிருந்தது. கடிதத்தை ஆர்டிஸே எழுதினாள். முதல் வரி, உங்கள் நேரத்தை வீணாக்குவதற்கு மன்னிக்கவும் என்று இருந்தது. கடைசி வரி, முடியாவிட்டால் பரவாயில்லை என்று இருந்தது. ரோசான் சிவப்புப் பேனாவோடு வீட்டுக்கு வந்து இரண்டையும் அடித்தாள். நடுவில் இருந்த, கெல்சியின் ஜலதோஷம் தேவலையா என்ற வரியையும் அடித்தாள். மிஞ்சியது ஒரு வாக்கியம். தலை பின்ன முடியவில்லை, தட்டு வைக்க முடியவில்லை, கோட்டு மாட்ட முடியவில்லை, கண்ணாடி தூக்க முடியாது. படித்துப் பார்த்த ஆர்டிஸ், கொஞ்சம் அதிகப்படியாக இல்லையா என்றாள். ரோசான் உறையை நாக்கால் ஈரப்படுத்தி அவள் கண்ணெதிரே ஒட்டினாள்.

ஜூன் ஒன்றாம் தேதி ஆர்டிஸ் வேலைக்குத் திரும்பினாள், முதல் மாதம் சின்னக் கண்ணாடிகளுக்கு. தையல் ஒட்டியிருந்தது. ஜூலை நடுவில் ஒருநாள், சாப்பாட்டு அறையில் அவள் முட்டை ரொட்டி தின்றுகொண்டிருக்கையில் ரோசான் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். மேல்முறையீட்டுக்குப் பதில். மே முப்பத்தொன்றுவரை பயனாளி பணி செய்ய இயலாத நிலையில் இருந்தார் என்பதைக் கம்பெனி முழுமனதோடு ஏற்றுக்கொண்டது. மாநிலம் தந்ததைக் கழித்துவிட்டு மிச்சத்துக்கு ஒரு காசோலையும் வைத்திருந்தது. அதில் எல்லோருக்குமாக ஒரு டப்பா டோனட்கூட வராது. முடிவில், பயனாளி எப்போது பணிக்குத் திரும்ப எண்ணியிருக்கிறார் என்பதைப் பதினான்கு நாளுக்குள் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள்.

ரோசான் தன் ஊர் வழக்கப்படி சில சொற்களைச் சொன்னாள். அவற்றை அச்சில் போட முடியாது. ஆர்டிஸ் கடிதத்தைக் கடைசிவரை படித்தாள், மடித்தாள், பிறகு மடிப்பைப் பிரித்தாள். எழுந்து அறிவிப்புப் பலகைக்குப் போனாள். கடிதத்தைக் குத்திவைக்கக் கீழே இடம் இல்லை, உச்சியில்தான் இருந்தது. வலது கையால் குண்டூசி ஒன்றை எடுத்து உயர்த்தினாள். முதல் தடவை கண்ணுயரத்தோடு நின்றது. கையை இறக்கி, ஒரு மூச்சு விட்டு, மறுபடி மெல்ல உயர்த்தினாள். இந்த முறை எட்டியது. ஊசியைக் கட்டைவிரலால் அழுத்தி இறக்கினாள், கடிதத்தின் உச்சியில், மரத்துக்கும் பறவைக்கும் நடுவில்.